நீட்டி நிமிர்ந்து

முதல் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நடுவே, படிக்கட்டு திரும்பும் இடத்தில், சின்னவள் மண்டியிட்டு அளவு நாடாவைச் சுவரோடு ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். மேலே மூன்றாம் மாடியில் அழுகைச் சத்தம் ஒருமுறை எழுந்து அடங்கியது. யாரோ புதிதாக வந்திருக்க வேண்டும். அவள் நாடாவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, பல்லில் கடித்திருந்த பென்சிலை எடுத்துச் சுவரிலேயே எண்ணைக் குறித்தாள்.

கீழேயிருந்து ஏறிவந்த இரண்டாம் மாடி டீச்சர் அவளைத் தாண்ட முடியாமல் நின்றார்.

"இப்பதான் கேள்விப்பட்டேன்மா. ஓடி வர்றேன்." மூச்சு வாங்கினார். "நீ இங்க என்ன பண்ற?"

"அளக்குறேன் டீச்சர்."

"எத?"

"படிய."

டீச்சர் அவள் தலையைத் தடவினார். துக்கத்தில் புத்தி பேதலித்தவர்களைத் தடவுகிற தடவல். "அழுதுடும்மா. உள்ளயே வச்சுக்காத."

"அழுவேன் டீச்சர். இந்த முனைய மட்டும் கொஞ்சம் பிடிங்களேன்."

டீச்சர் கைப்பையைப் படியில் வைத்துவிட்டு முனையைப் பிடித்தார்.

அம்மா அன்று காலையில்தான் இறந்திருந்தாள். வெயில் ஜன்னல் கம்பிகளைத் தாண்டிக் கட்டிலுக்கு வந்த நேரம். "தண்ணி குடுடி" என்றாள். சின்னவள் டம்ளரைக் கழுவி நிரப்பிக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தத் தண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவிடம் கொடுத்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் குடித்தார்.

அம்மாவுக்கு முட்டி இரண்டும் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. லிஃப்ட் இல்லாத கட்டடம். உடம்பு வேறு கனத்துப்போனது. கட்டில், கட்டிலை அடுத்த நாற்காலி, நாற்காலியை அடுத்த ஜன்னல், அவ்வளவுதான் அவள் உலகம். இடையில் ஒரே ஒரு முறை கீழே இறங்கினாள், நெஞ்சுவலி வந்த அன்று. போர்வையில் கிடத்தி நாலு பேர் நாலு முனையைப் பிடித்துத் தூக்கிப்போனார்கள். இரண்டாம் மாடி வாசலில் ஒரு முனை வழுக்கியது. அம்மா ஒரு பக்கமாக உருண்டாள், ஆடை தொடைக்கு மேல் ஏறிக்கொண்டது. சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. திறந்தார்கள், கண்ணில் பட்டது, சட்டென்று மூடினார்கள். அந்த மூடிய சத்தம்தான் அம்மாவுக்குத் தாளவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக் கட்டிலில் கிடத்தியதும் சொன்னாள்: "மூட்டையா கொண்டுபோனீங்க, மூட்டையா கொண்டுவந்தீங்க. சரி, போகட்டும். ஆனா அடுத்த தடவ இந்தப் படியில நான் நீட்டி நிமிந்துதான் போவேன். சொல்லிட்டேன்."

"அடுத்த தடவன்னா எப்பம்மா?" என்று அண்ணன் கேட்டான்.

"அடுத்த தடவன்னா அடுத்த தடவதான்டா. அதுக்கப்புறம் ஏறி வர்ற வேலை இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள், "நான் பாத்துக்குறேம்மா" என்றாள். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். ஆனால் அம்மா அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு யார் வந்து அந்தப் பேச்சை எடுத்தாலும், "அதெல்லாம் சின்னவ பாத்துக்குவா" என்று முடித்துவிடுவாள், கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதைச் சொல்வதுபோல.

சின்னவளுக்கு வேலை, பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்றுக் குழாய்களை வரைந்து கொடுப்பது. தகரத்தில் செய்த அந்தச் சதுரக் குழாய்கள் கூரைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் எப்படி நுழைந்து எங்கே வளைந்து எங்கே குறுக வேண்டும் என்று அவள் வரைந்தால், பட்டறையில் அதன்படி வெட்டி மடிப்பார்கள். இப்போது எல்லாம் கணினியில். ஆனால் பழகியது பாலிடெக்னிக்கில், பலகையும் தாளுமாக. முதல் வருடம் அந்தப் பாடத்தில் அவள் தேறவில்லை. முன்னாலிருந்து பார்த்தால் இப்படி, மேலிருந்து பார்த்தால் இப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் இப்படி என்று மூன்று தட்டைப் படங்களைக் கொடுப்பார்கள். அதிலிருந்து அந்தப் பொருளை நீளம், அகலம், உயரம் மூன்றும் தெரிய ஒரே படமாக நிறுத்த வேண்டும். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருக்கும் அவளுக்கு. வீட்டில் வரைந்து வரைந்து அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுவாள்.

"இது என்னன்னு சொல்லும்மா."

"செருப்பு."

"மெஷினோட பாகம்மா இது!"

"அப்ப பிஞ்ச செருப்பு." அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "பொருளு ஒண்ணுதான? அதுக்கு எதுக்குடி சந்தையில மாடு பிடிக்கிறவன் மாதிரி முன்னாடி பின்னாடி சுத்திச் சுத்திப் பாக்குற?"

செருப்பு என்று அம்மா சொல்லாத நாள் ஒன்று வந்தது. அந்த வருடம் பரீட்சையிலும் தேறிவிட்டாள். அப்புறம் அது வீட்டுப் பழக்கமாகவே ஆகிப்போனது. ஊரில் புதிதாகப் பாலம் வந்தாலும், பேருந்து நிலையம் வந்தாலும், அண்ணன் கடை போட்டாலும் சின்னவள் அதைக் கூரையில்லாமல், ஒரு மூலையில் ஏறி நின்று எட்டிப் பார்ப்பதுபோல வரைந்து கொண்டுவருவாள். அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரண்டு விரல்களைக் கால்களாக்கித் தாளுக்குள் நடப்பாள். வாசலில் நுழைவாள், திரும்புவாள், படி ஏறுவாள். அண்ணன் கடைக்குள் அப்படி நடந்து போனவள், "கல்லாவ எதுக்குடா வாசலுக்கு முதுகு காட்டிப் போட்டிருக்க? வர்றவன் போறவன் எப்படித் தெரியும்?" என்றாள். கடையை அவள் நேரில் பார்த்ததே இல்லை. அண்ணன் மறுநாளே கல்லாவைத் திருப்பிப் போட்டான்.

சின்னவள் நாடாவைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்தபோது அண்ணன் பால்கனியில் நின்று கீழே பார்த்தபடி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். "கம்பிய மட்டும் கழட்டுனா போதுமா? கப்பி நீங்களே கொண்டுவருவீங்களா?"

அவள் காத்திருந்தாள். அவன் பேசி முடித்துத் திரும்பினான்.

"யாருண்ணா?"

"சாமான் இறக்குறவங்க. பீரோ, பியானோ எல்லாம் மாடியில இருந்து கயிறு கட்டி இறக்குவாங்களாம்."

"அம்மா பீரோ இல்லண்ணா."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன ஆசப்பட்டா கூப்புடுறேன்?" அவன் கண்கள் சிவந்திருந்தன. "இவரக் கேளு. அம்மாவ வைக்கிற பெட்டி படியில திரும்பாதாம்."

உள்ளே தச்சர் நின்றிருந்தார். தெருக்கோடியில் பட்டறை வைத்திருப்பவர். கூடவே அவர் பட்டறை ஆள், எந்த வாசலிலும் குனிந்தே நுழைவதால் தெருவே ஒட்டகம் என்று கூப்பிடும் மனிதர். தரைத்தளத்து லாரி டிரைவரும் வந்து சுவரோரம் கைகட்டி நின்றிருந்தார்.

"திரும்பாதும்மா" என்றார் தச்சர். "இதே கட்டடத்துக்குக் கட்டில் செஞ்சு கொண்டாந்து, திருப்ப முடியாம பிரிச்சு எடுத்துட்டு வந்து மாட்டுனவன் நான்."

"போர்வையில கீழ கொண்டுபோயிட்டு, அங்க பெட்டியில வச்சா?" என்று டிரைவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

கட்டிலருகே உட்கார்ந்திருந்த அப்பா காலையிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார். "போர்வை வேணாம்."

"அப்ப கயிறுதாம்ப்பா" என்றான் அண்ணன். "சாயங்காலம் அமரர் ஊர்தி வந்துடும். வேற வழி யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க."

"ஒரு பெரிய தாள் வேணும்" என்றாள் சின்னவள்.

நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, மாதத்தாள் ஒன்றைக் கிழித்து, சாப்பாட்டு மேசையில் பின்பக்கமாக விரித்தாள். பழைய முக்கோண அளவுகோல்கள் அலமாரி மேல்தட்டில் இருந்தன. முதல் கோடு நேராக வரவில்லை. இரண்டாவது வந்தது.

முதலில் மேலிருந்து பார்க்கிற படம். இறங்கி வரும் படி, திருப்பத்தின் சதுரம், அங்கிருந்து எதிர்ப்பக்கமாக இறங்கும் படி. தச்சர் சொன்ன அளவில் பெட்டியைக் காகிதத்தில் தனியாக வெட்டி, அந்தச் சதுரத்துக்குள் எப்படியெல்லாமோ திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு மூலை சுவருக்குள் போனது. தச்சர் சொன்னது சரிதான். மனிதர் அனுபவஸ்தர்.

பிறகு அதே இடத்தை மூலையிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல வரையத் தொடங்கினாள். அகலத்தை ஒரு சாய்வில், நீளத்தை மறு சாய்வில், உயரத்தை நேர் மேலாக. ஒரு படிக்கு மேல் ஒரு படியாக எழுந்து, கைப்பிடிச் சுவர் எழுந்து, மேலே அடுத்த திருப்பத்தின் அடிப்பக்கம் வந்து மூடியதும் அவள் கை நின்றது. தரையில்தான் இடமில்லை. தரைக்கு மேலே, ஆள் உயரத்துக்கு மேலும் எவ்வளவோ இடம் காலியாகக் கிடந்தது.

"நிக்க வச்சா?" என்றாள்.

"எத?"

"பெட்டியத்தான். திருப்பத்துக்கு வந்ததும் அப்படியே நேரா நிக்க வச்சு, நின்னவாக்குல திருப்பி, மறுபடி சாச்சு இறக்குனா?"

தச்சர் தாடையைச் சொறிந்தார். "உள்ள ஆளு சரியுமேம்மா."

"கால் பக்கம் கெட்டிப் பலகை குடுத்தா?"

"குடுக்கலாம். நெஞ்சுக்கும் முட்டிக்கும் பட்டையா எதாவது போட்டுப் பிடிக்கணும்."

"பெல்ட்டு என் வண்டியில இருக்கு" என்றார் டிரைவர். "சரக்கு கட்டுறது. நல்ல அகலம், உறுத்தாது." சொன்னபிறகு சரக்கு என்ற சொல்லுக்காக அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார், பரவாயில்லை என்று.

சின்னவள் ஒவ்வொரு திருப்பமாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாம் பொருந்தியது, கடைசியைத் தவிர. தரைத்தளத்துக்கு மேலே உள்ள அந்தத் திருப்பத்தில் யாரோ பிற்பாடு ஒரு சிமென்ட் பரண் போட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஏற்றியிருந்தார்கள். காலையில் டீச்சரை முனை பிடிக்கச் சொன்ன இடம். அந்தப் பரணுக்கும் தரைக்கும் நடுவே பெட்டி நிற்கும். ஆனால் அவள் வட்டக்கருவியின் முள்ளைப் பெட்டியின் கால்முனையில் ஊன்றி, பென்சில் நுனியைத் தலைப்பக்க மேல்மூலையில் வைத்து ஒரு வில் போட்டபோது, அந்த வில் பரணை அறுத்துக்கொண்டு போனது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "நிக்க இடம் இருக்குன்னு சொன்ன?"

"நின்னதுக்கப்புறம் இருக்கு. எந்திரிக்கும்போது இல்ல. மூலை இடிக்கும்."

"பரண உடைச்சிட்டா?"

"மேல தொட்டி. கட்டடமே தண்ணியில்லாம நிக்கும்."

அண்ணன் தொலைபேசியை எடுத்தான். உடனே அழுத்தவில்லை. அவளைப் பார்த்தான். "நீ முடிஞ்சத பண்ணிட்ட. அம்மா ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டா."

"கொஞ்சம் பொறுண்ணா."

அவள் எழுந்து போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அம்மாவின் அருகில் அவள் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தரையிலிருந்து பார்த்தால் அம்மா பக்கவாட்டில் தெரிந்தாள். மேடான வயிறு, அதிலிருந்து நெஞ்சு, நெஞ்சிலிருந்து கழுத்து வழியாகச் சரிந்து தலை. வெள்ளைப் போர்வையின் மேல்கோடு வயிற்றில் உயர்ந்து தலைப்பக்கம் தாழ்ந்து இறங்கியது.

சின்னவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று திரும்பினாள்.

"தச்சரண்ணே, நீங்க சொன்ன அளவு யாரோடது?"

"பொது அளவும்மா" என்றார் தச்சர். "யாரு வந்தாலும் பத்தணும்ல."

படி, சுவர், கைப்பிடி, பரண் எல்லாவற்றையும் அளந்திருந்தாள். போகிறவளை அளக்கவில்லை.

நாடாவை எடுத்தாள். "அப்பா, இந்த முனைய அம்மா தலைகிட்ட பிடிங்க."

அப்பா இரண்டு கைகளாலும் பிடித்தார். அவள் மெதுவாக நாடாவை நெற்றி, மூக்கு, நெஞ்சு என்று நீட்டிக் குதிகால்வரை கொண்டுபோனாள். பாதத்தை நேராக்கும்போது அது இன்னும் முழுதாகக் குளிர்ந்துவிடவில்லை என்று தோன்றியது. அப்படி இருக்க முடியாதென்று அவளுக்கே தெரியும்.

"எவ்ளோ?" என்றார் அப்பா.

அவள் நாடாவை அவர் பக்கம் காட்டினாள். அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணமான நாளிலிருந்து தீராத வழக்கு ஒன்று உண்டு, யார் உயரம் என்று. நான்தான் ஒரு விரல் கூட என்பாள் அம்மா. யார் வந்தாலும் சொல்வாள், நின்று காட்ட முடியாத காலத்திலும் படுத்துக்கொண்டே சொல்வாள். அப்பா எதிர்த்துப் பேசிப் பேசி ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார்.

"அப்ப நான்தான் உயரம்" என்றார் அப்பா. அவர் உதடு கோணியது, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல். பிறகு நாடாவின் முனையை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்தார். "தச்சருக்கு மட்டும் சொல்லு. வெளிய யாருக்கும் சொல்லாத."

சின்னவள் மேசைக்குத் திரும்பிப் புதிய அளவில் வரைந்தாள். பெட்டி ஒரு சாணுக்கு மேல் குறைந்தது. வில் இன்னும் பரணை உரசியது, ஆனால் இப்போது கொஞ்சம்தான். போர்வையின் அந்தக் கோட்டைப் பக்கவாட்டுப் படத்தில் இழுத்தாள். வயிற்றுக்கு வேண்டிய உயரம் தலைக்கு வேண்டாம். மூடி நெஞ்சிலிருந்து தலைப்பக்கமாகச் சரிந்து இறங்கட்டும். இடிக்கிற மூலையை அப்படியே சீவிவிட்டாள். மறுபடியும் முள்ளை ஊன்றி வில் போட்டாள். பென்சில் பரணுக்குக் கீழாக, ஒரு மயிரிழை வெள்ளை விட்டு, தாளின் மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

அவள் மூச்சை விட்டாள். "போகுது."

தச்சர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு கோட்டிலும் நகத்தை ஓட்டினார்.

"மேலருந்து பாத்தா மூடி இவ்ளோதான் தெரியும், ஆனா சரிவா வர்றதால பலகை இன்னும் நீளமா—"

"தெரியும்மா. கூரை போட்ட கை இது." அவர் நிமிர்ந்தார். முகத்தில் வேறொரு வெளிச்சம். "டேய் ஒட்டகம், வாடா. இப்படி ஒரு பெட்டி நான் செஞ்சதில்ல."

அண்ணன் தொலைபேசியில் ஒரே வரியில் பேசினான். "வேணாங்க, நாங்களே பாத்துக்குறோம்."

பிற்பகல் முழுக்கத் தெருக்கோடியிலிருந்து ரம்பமும் சுத்தியலும் கேட்டுக்கொண்டிருந்தன. வருகிறவர்கள் வந்து உட்கார்ந்தார்கள், பேசினார்கள், ஜன்னல் வழியாக அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். பெட்டி தயாரானதும் காலியாக மேலே கொண்டுவரத் தொடங்கினார்கள். தாள் அண்ணன் கையில் இருந்தது. சின்னவள் அம்மாவுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தாள். 'டொம்' என்று ஒரு சத்தம் வந்தது. தொடர்ந்து டிரைவரின் குரல்: "இடிக்குது! இடிக்குது!"

சீப்போடு ஓடினாள். பரண் இருந்த திருப்பத்தில் நாலு பேரும் பெட்டியைத் தாங்கிப் பிடித்தபடி சிலைபோல நின்றார்கள். சிமென்ட் துகள் அண்ணன் தலையில் உதிர்ந்திருந்தது.

"உன் கணக்கு தப்பு" என்றான் அண்ணன். கோபமில்லை, அழுகை முட்டிக்கொண்டு நின்ற குரல்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். "குப்புறப் பிடிச்சிருக்கீங்கண்ணா. மூடிப் பக்கம் மேல பாக்கணும். சீவுன மூலை கீழ கெடக்கு பாரு."

"எனக்கு இந்தக் கோடெல்லாம் எங்க புரியுது?"

"பெட்டிய வச்சிட்டு இங்க வா. தாள இப்படிப் பிடி. இது நீ நிக்கிற படி. இது பரணு. இப்ப மூலையில ஏறி நின்னு கீழ பாக்குற மாதிரி நெனச்சுக்கோ."

அண்ணன் தாளைப் பிடித்தான். திருப்பினான். படியைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். புருவம் நெரிந்தது. அப்புறம் மெல்ல அவன் வாய் திறந்தது.

"ஏய்... எந்திரிக்குதுடி! படி எந்திரிக்குது!" ஒட்டகத்தின் பக்கம் தாளை நீட்டினான். "பாருய்யா, இதுதான் பரணு, இது பெட்டி, இந்தா இந்த மூலை... அட, இத்தன வருஷமா இதத்தான் ரெண்டு பேரும் வச்சு வச்சுப் பாத்துட்டிருந்தீங்களா?"

அதற்கப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. "தச்சரே, நீங்க கால் பக்கம். ஒட்டகம், தலை. டிரைவரண்ணே, சுவர்ப்பக்கம் நீங்க." பெட்டி புரண்டு, மூடிப் பக்கம் மேலே பார்த்து, தலைப்பக்கம் எழுந்தது. சீவிய சரிவு பரணுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளியில் வழுக்கிக்கொண்டு மேலேறி, நேராக நின்றது. ஒட்டகம் அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

வெயில் சாயும்போது அம்மாவைப் பெட்டியில் வைத்தார்கள். உடம்புக்குச் சரியாக இருந்தது, அவளுக்கென்றே தைத்ததுபோல. டிரைவர் பெல்ட்டுகளுக்கு அடியில் மடித்த துண்டுகளை வைத்து இறுக்கினார். அப்பா ஒருமுறை குனிந்து பார்த்தார். மூடி வந்தது.

முதல் திருப்பத்தில் அண்ணனின் குரல்: "ம், நிறுத்து. தலை தூக்கு... தூக்கு... தூக்கு."

பெட்டி எழுந்தது. நாலு பேரின் நடுவே அது நேராக நின்றபோது, ஒரு கணம் எல்லோரும் கையெடுக்காமல் அப்படியே இருந்தார்கள். பின்னால் கைப்பிடியைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்த அப்பா நின்றார்.

"நிக்கிறா" என்றார்.

யாரிடமும் சொல்லவில்லை. சின்னவளுக்கு மட்டும் கேட்டது. கட்டிலைப் பிடித்து, நாற்காலியைப் பிடித்து, இரண்டு பேர் தோளைப் பிடித்தும்கூட எழ முடியாமல் போன அம்மா, படியின் நடுவில் நிமிர்ந்து நின்றாள்; பாதி வட்டம் திரும்பினாள்; சாய்ந்துகொண்டு அடுத்த படிகளில் இறங்கினாள்.

இரண்டாம் மாடியில் கதவுகள் திறந்திருந்தன. இந்த முறை யாரும் மூடவில்லை. டீச்சர் வாசலுக்கு வெளியே வந்து, ஓரமாக ஒதுங்கி, வகுப்பில் பெரியவர் யாராவது நுழைந்தால் எழுவதுபோல நேராக நின்றார். பெட்டி அவர் முன்னால் எழுந்து நின்றபோது, "வாங்கம்மா" என்றார். பிறகு என்ன சொன்னோம் என்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசித் திருப்பம். வேர்த்துக் கொட்டியது நாலு பேருக்கும். கால் பக்கம் பிடித்திருந்த தச்சரின் முழங்கை நடுங்கியது. சின்னவள் முன்னால் இறங்கிப் போய்ப் பரணுக்கு எதிரே சுவரோடு ஒட்டி நின்றாள். அண்ணன் அவளைப் பார்த்தான். தாளை அவன் பார்க்கவில்லை, இப்போது தேவையில்லை.

"மெதுவா. தலை."

மரம் எழுந்தது. சரிவான முனை பரணை நோக்கி வந்தது. சின்னவள் கண்ணைச் சிமிட்டவில்லை. வில்லின் உச்சியை அது தொடும் இடம் அவளுக்குத் தெரியும், இதோ, இன்னும் கொஞ்சம். சிமென்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் மெலிந்து மெலிந்து வந்து, அறுந்து போகாமல், மறுபடி அகன்றது. பெட்டி நின்றது. திரும்பியது. சாய்ந்தது.

"வா வா வா வா..." டிரைவர் தன்னையறியாமல் லாரிக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார், "வா... வா... ரைட்டேய்!"

வாசல்படியைத் தாண்டி வெளியே வந்ததும் ஒட்டகம் வானத்தைப் பார்த்து 'ஹோ' என்று கத்திவிட்டார். கத்திய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அண்ணன் சிரித்துவிட்டான். சிமென்ட் துகள் ஒட்டிய முகத்தில் கண்ணீர் வழிய வழியச் சிரித்தான். தச்சர் சிரித்தார். மேலே மூன்று மாடி ஜன்னல்களிலும் தலைகள். யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்த, வேறொருவர் விட்ட இடத்திலிருந்து தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். தெருவில் போனவர்கள் என்ன நடக்கிறதென்று புரியாமல் நின்று பார்த்தார்கள். அப்பா அந்தச் சத்தத்துக்கு நடுவே, கல்யாண வீட்டு வாசலில் நிற்பவரைப்போல, எல்லோரையும் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அண்ணன் முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஏறினான். அப்பா பின்னால் ஒரு பக்கம் உட்கார்ந்தார், சின்னவள் எதிர்ப்பக்கம். கதவு சாத்தப்பட்டது. உள்ளே புது மரத்தின் வாசனை.

வண்டி தெருவைத் தாண்டிப் பெரிய சாலைக்குத் திரும்பியது. சின்னவளின் கை தானாக எழுந்து போய்ப் பெட்டியின் தலைப்பக்க மூலையைப் பொத்திக்கொண்டது, இடிக்காமல். சாலை அகலமாகத்தான் இருந்தது.